பூவரசம் பிடி

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பாளையங்கோட்டை வ.உ.சி. மைதானத்துக்குப் பக்கத்து டீக்கடை பெஞ்சில் நாங்கள் நாலு பேர் கூடுவது சில வருஷப் பழக்கம். ராணுவத்தில் சுபேதாராக இருந்து ஓய்வு பெற்ற அண்ணாச்சி ஒருவர். கூட்டுறவு வங்கியில் காசாளராக இருந்துவிட்டு இப்போது கடையம் பக்கம் எலுமிச்சைத் தோட்டம் பார்க்கிறவர் இன்னொருவர். கல்லூரியில் படித்துக்கொண்டே, காற்றழுத்தத்தில் சுடும் ஏர் பிஸ்டல் போட்டிகளுக்குப் போகும் பெண் ஒருத்தி. அப்புறம் நான். வயதும் வேலையும் வேறுவேறு. எங்களைச் சேர்த்து வைத்திருப்பது கைத்துப்பாக்கி என்கிற ஒரே விஷயம்தான். மூன்று வருஷத்துக்கு முன் ஒரு மழை நாளில், ஆமவடையைப் பிய்த்துக்கொண்டே சுபேதார் அண்ணாச்சி ஒரு கேள்வி போட்டார். "லைசென்ஸு, துட்டு, சட்டம் எதப் பத்தியும் கவலையில்லன்னு வச்சிக்கிடுவோம். உமக்குன்னு ஒரு பிஸ்டல் செஞ்சு தாரோம்னா என்னவே கேப்பீரு?" அன்றைக்கு மற்ற மூன்று பேரும் பதில் சொன்னார்கள். நான் சொல்லவில்லை. அந்தக் கேள்வி அதற்கப்புறம் என்னை விடவே இல்லை.

அண்ணாச்சியின் பதில் யோசனையே இல்லாமல் வந்தது. அவர் இடுப்பில் கட்டியிருந்த அதே 9 மி.மீ. 1ஏ பிஸ்டல், இச்சாப்பூர் தொழிற்சாலையில் செய்தது. அதன் மூலம் பிரவுனிங் ஹை பவர். ஜான் பிரவுனிங் 1926இல் பெல்ஜியத்தில் இறந்தபோது அது முடியாத வேலையாகக் கிடந்தது; தியூதோனே சேவ் என்பவர் எடுத்து முடித்து, 1935இல் வெளியே வந்தது. தோட்டா அடுக்கும் மேகசினில் 13 தோட்டா. அண்ணாச்சிக்கு அதில் ஒரே குறைதான். மேகசினைக் கழற்றினால் சுடாதபடி உள்ளே ஒரு அமைப்பு இருக்கிறது, அது ட்ரிகரை இழுக்கும்போது உரசிக்கொண்டே வரும். "அத மட்டும் எடுத்துட்டு, ட்ரிகர் கண்ணாடி ஒடிஞ்ச மாதிரி வெடுக்குன்னு விடணும். வேற ஒண்ணும் வேண்டாம்." 9 மி.மீ. பொதுமக்களுக்குத் தடை செய்யப்பட்ட ரகம். பணியில் இருந்து இறங்கிய நாளோடு அவர் கைக்கும் அதற்கும் தொடர்பு முடிந்துவிட்டது. முப்பது வருஷம் உடம்போடு இருந்த ஒரு கனத்தைப் பற்றி அவர் பேசும்போது வலது கை தானாக இடுப்புப் பக்கம் போகும். அதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

காசாளர் அண்ணாச்சியிடம் உரிமத்தோடு ஒரு .32 ரிவால்வர் உண்டு, கான்பூர் தயாரிப்பு, ஆறு தோட்டா. தோட்டத்தில் தனியாக இருப்பதால் வாங்கினார். அவருடைய கனவு சின்னது: அதே ஆறு தோட்டா, பாதி எடை, சட்டைத் துணியில் மாட்டாத ஹேமர் (பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் சுத்தி). தேர்தல் அறிவித்த உடனே அதைப் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைத்து ரசீது வாங்கி வருவார். திரும்பக் கைக்கு வரும்வரை அலமாரி டிராயரைத் திறந்தால் லேசாக வருகிறதே என்று மனசு ஒரு மாதிரி ஆகிவிடுகிறது என்பார். எங்கள் சீமைக்கு இப்படி ஒப்படைப்பது புதிதில்லை. கட்டபொம்மனைத் தூக்கில் போட்டு இரண்டு வருஷம் கழித்து, மருது சகோதரர்களையும் தூக்கில் போட்ட கையோடு, 1801 டிசம்பர் 1ஆம் தேதி, பாளையங்களில் யாரும் ஆயுதம் வைத்திருக்கக் கூடாது என்று கும்பெனி அறிக்கை போட்டது. அண்ணாச்சியின் ரசீதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு அந்தத் தேதியும் கூடவே ஞாபகம் வரும்.

கல்லூரித் தங்கச்சியின் பட்டியல்தான் நீளம். ஏர் பிஸ்டல் செய்யும் மொரினி கம்பெனியின் எலக்ட்ரானிக் ட்ரிகர். 200 பார் அழுத்தக் காற்று சிலிண்டர், இரண்டு வேண்டும். குழலின் உயரம் கைக்கு எவ்வளவு தாழ்ந்து இருக்க வேண்டும், குறிபார்க்கும் பின் சைட்டின் பள்ளம் எத்தனை மில்லிமீட்டர் என்று எல்லாம் அவளுக்கு மனப்பாடம். அப்படிப்பட்ட பிஸ்டல் கைக்கு வந்துசேர ஒன்றரை லட்சத்துக்கு மேல் ஆகிவிடும். அவள் அப்பா ஆட்டோ ஓட்டுகிறார். பட்டியலைச் சொல்லும்போது அவள் குரலில் ஏக்கம் இருக்காது. ஒரு நாள் வாங்கத்தான் போகிறேன் என்கிற தீர்மானம் இருக்கும். எனக்கு அவளிடம் பிடித்ததே அதுதான்.

கனவுப் பட்டியலில் இருந்தே நிஜத் துப்பாக்கி பிறந்த கதையும் உண்டு. ஆஸ்திரியாவில் கத்தியும் திரைச்சீலைக் கம்பியும் செய்துகொண்டிருந்த காஸ்டன் கிளாக்குக்குத் துப்பாக்கி செய்து பழக்கமே கிடையாது. 1980இல் அந்நாட்டு ராணுவத்துக்குப் புதிய பிஸ்டல் தேவை என்று தெரிந்ததும், விஷயம் தெரிந்தவர்களைக் கூட்டி உட்கார வைத்து, நல்ல பிஸ்டலில் என்னென்ன இருக்க வேண்டும் என்று கேட்டார். பிளாஸ்டிக் உடம்பும் 17 தோட்டாவுமாக அது 1982இல் ராணுவத்துக்குள் போய்விட்டது. சுபேதார் அண்ணாச்சிக்குப் பிளாஸ்டிக் உடம்பு என்றாலே ஆகாது. ஆனால் தெரியாததைத் தெரிந்தவனிடம் கேட்டான் பாரு, அந்தக் குணம் வேணும்வே என்று அவரே சொல்லுவார்.

மடங்காத விரல்

நான் பதில் சொல்லாததற்குக் காரணம் என் வலது கை. பன்னிரண்டு வயதில் மாட்டு வண்டியில் இருந்து விழுந்து சுண்டுவிரல் ஒடிந்தது. எலும்பு கூடியது, ஆனால் விரல் முழுதாக மடங்குவதில்லை. எழுதுவதற்கும் சாப்பிடுவதற்கும் ஒரு தடையும் இல்லை. நாற்பது வயதில் ஏர் பிஸ்டல் பழகத் தொடங்கியபோதுதான் அந்த விரல் தன்னைக் காட்டியது. (4.5 மி.மீ. குழலும் 20 ஜூலுக்கு உட்பட்ட ஆற்றலும் உள்ள ஏர் பிஸ்டலுக்கு உரிமம் தேவையில்லை. என்னைப் போலப் பலர் இதன் வழியாகத்தான் உள்ளே வருகிறோம்.) செகண்ட் ஹேண்டில் வாங்கிய ஒரு வெளிநாட்டு பிஸ்டல். வாங்கும்போது என் கை அளவைச் சொல்லித்தான் கேட்டேன். வந்ததோ வேறு அளவு கிரிப் (கைப்பிடி). விற்றவர் அதை மாற்றித் தரவே இல்லை, கடைசியில் போன் எடுப்பதையும் நிறுத்திவிட்டார்.

பத்து மீட்டர் ஏர் பிஸ்டலை ஒரு கையால்தான் சுட வேண்டும். 75 நிமிடத்தில் 60 குண்டு. பத்து மதிப்பெண் வட்டத்தின் விட்டம் 11.5 மி.மீ., ஒரு சட்டைப் பொத்தான் அளவு. முன் சைட்டுக்கும் பின் சைட்டுக்கும் இடையே சுமார் 32 செ.மீ. இருந்தால், முன் சைட் ஒரே ஒரு மில்லிமீட்டர் விலகினாலும் குண்டு 3 செ.மீ. தள்ளி விழும், பத்து ஏழாகிவிடும். அந்த ஒரு மில்லிமீட்டர் எங்கிருந்து வருகிறது? பெரும்பாலும் கண்ணில் இருந்து வருவதில்லை. ட்ரிகர் விரல் பின்னால் வரும்போது மற்ற விரல்களும் கூடச் சேர்ந்து இறுகுவதால் வருகிறது. வலது கைக்காரனுக்கு முனை இடப்பக்கம் தாழும். எங்கள் பாஷையில் ஏழு மணிக்கு எட்டு என்போம்: கடிகார முள் ஏழில் நிற்கிற திசையில் எட்டாவது வட்டம். என் குறி அட்டைகள் எல்லாம் ஏழு மணிதான். மூச்சு, நிற்கும் கோணம், கண்ணாடி என்று மூன்று வருஷம் ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தேன்.

அட்டையை எடுத்துப் பார்க்கும்போதெல்லாம் அண்ணாச்சியின் கேள்வி திரும்ப வரும். எனக்கென்று ஒரு பிஸ்டல் என்றால் என்ன கேட்பேன்? மொரினியா, ஸ்டெயரா, வால்தரா? மூன்றையும் போட்டிகளில் நண்பர்களிடம் வாங்கிப் பிடித்துப் பார்த்திருக்கிறேன். மூன்றும் அருமையான பொருள்கள். மூன்றையும் கையில் எடுத்த நொடியே வேறொருவருடைய செருப்பில் காலை விட்ட மாதிரி இருந்தது.

மணியாச்சியில் போய் நிற்கிற பேச்சு

எங்கள் ஊரில் கைத்துப்பாக்கிப் பேச்சு எங்கே தொடங்கினாலும் மணியாச்சியில் போய்த்தான் நிற்கும். 1911 ஜூன் 17, ரயில் பெட்டி, கலெக்டர் ஆஷ், வாஞ்சிநாதன். கதையை நான் சொல்ல வேண்டியதில்லை. துப்பாக்கி பெல்ஜியத்தில் செய்த பிரவுனிங் ஆட்டோமேட்டிக். அதே வருஷம் மார்ச் 29ஆம் தேதி, அதே பிரவுனிங் வடிவமைத்த .45 பிஸ்டலை அமெரிக்க ராணுவம் ஏற்றுக்கொண்டது. உலகத்தில் கனவு பிஸ்டல் எது என்று கேட்டால் இன்றைக்கும் ஏராளமானவர்கள் கைகாட்டும் '1911' என்கிற மாடல் அதுதான். காசாளர் அண்ணாச்சி இந்த இரண்டு தேதிகளையும் சேர்த்துச் சொல்லும்போது எனக்கு ஒவ்வொரு முறையும் சிலிர்க்கும்.

ஒரு நாள் தங்கச்சி குறுக்கே புகுந்து கேட்டாள். "துப்பாக்கி என்ன மேக்குன்னு நூறு வருஷமா பேசுதோம் அண்ணாச்சி. அவரு கைய பத்தி யாராவது எழுதியிருக்காங்களா?" புனலூரில் காட்டிலாகா வேலை பார்த்தவர், புதுச்சேரியில் வ.வே.சு. ஐயரிடம் சுடப் பழகியவர். இருபத்தைந்து வயதுக் கை. அதுவரை பிடித்திராத ஒரு பொருளை அந்தக் கை எப்படிப் பழக்கிக்கொண்டது? யாரும் பதில் பேசவில்லை. மணியாச்சி வழியாக ரயிலில் போகும்போது இப்போதெல்லாம் எனக்கு அந்த பிஸ்டல் ஞாபகம் வருவதில்லை. கல்லூரிப் பெண் கேட்ட அந்தக் கைதான் வருகிறது.

கல்லிடைக்குறிச்சியில்

போன வருஷம் அறுப்பு சமயத்தில், அப்பா வைத்திருந்த பழைய அரிவாளுக்குப் பிடி கழன்றுவிட்டது. கல்லிடைக்குறிச்சியில் ஒரு வயசான ஆசாரி இருக்கிறார், கட்டில், மண்வெட்டிக் கணை, அரிவாள் பிடி எல்லாம் செய்வார் என்று சொன்னார்கள். போனேன். பட்டறை என்பது வீட்டுக்குப் பின்னால் ஒரு வேப்பமரத்தடிதான். அரிவாளை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு அவர் முதலில் கேட்டது, "வெட்டப் போறது யாரு? நீங்களா?" நான்தான் என்றதும், "கைய நீட்டுங்க தம்பி" என்றார். உள்ளங்கையைப் பார்த்தார், புரட்டிப் பார்த்தார், தன் கட்டைவிரலால் என் சுண்டுவிரலை மெதுவாக மடக்கினார். பாதியில் நின்றது.

"இது மடங்காதா?"

"சின்ன வயசுல ஒடிஞ்சது அண்ணாச்சி."

"அப்ப கடையில விக்கிற பிடி ஒண்ணும் உங்களுக்கு ஆகாது. மோதிர விரலு ரெண்டு விரலு வேலையப் பாக்கும். இறுக்கிப் புடிக்கும், அறுப்பு எடப்பக்கம் இழுத்துக்கிட்டுப் போவும். சாயங்காலம் மணிக்கட்டு வலிக்குமே?"

எனக்குப் பேச்சே வரவில்லை. அவர் ஏர் பிஸ்டலைக் கண்ணால் கண்டதில்லை. மூன்று வருஷ அட்டைகள், ஏழு மணிக்கு எட்டு, எதுவும் அவருக்குத் தெரியாது. என் கையைப் பிடித்து ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது. அந்த வேப்பமரத்தடியில் நின்றுகொண்டிருந்தபோதுதான், இரண்டு வருஷமாக நான் தேடிக்கொண்டிருந்த பதில் தலைகீழாகத் தேடப்பட்டது என்று புரிந்தது. நாங்கள் நாலு பேரும் குழல், தோட்டா, ட்ரிகர் என்று முன்னால் இருந்து பின்னால் வருகிறோம். இவர் பின்னால் இருந்து, கையில் இருந்து தொடங்குகிறார்.

அடுத்த ஞாயிறு பிஸ்டலில் இருந்து கிரிப்பை மட்டும் ஆலன் கீயால் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு போனேன். எதற்கான பிடி என்று மறைக்காமல் சொன்னேன். காற்றில் சுடுவது, அரை கிராம் ஈயம், அட்டையைத் தவிர எதன் மேலும் சுடுவதில்லை என்றேன். அவர் பழைய கிரிப்பை வெகுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நல்ல வேலைப்பாடு என்று மெச்சினார். "ஆனா இது யாரு கைன்னு தெரியல" என்றார். காருகுறிச்சி வழியாகத்தானே வருகிறீர்கள், சூளைக்காரர்களிடம் பானைக்குப் பிசைந்த களிமண் கொஞ்சம் வாங்கிக்கொண்டு மறுபடி வாருங்கள் என்று அனுப்பிவிட்டார்.

களிமண்ணோடு போன நாளை என்னால் மறக்க முடியாது. ஒரு உருண்டையைக் கையில் கொடுத்து, சுடுகிற மாதிரியே நின்று பிடிக்கச் சொன்னார். பிடித்தேன். வாங்கி வைத்துக்கொண்டார். இன்னொரு உருண்டை. அதையும் வாங்கி வைத்தார். அப்புறம் மண்ணைப் பற்றிப் பேச்சே எடுக்காமல், அப்பா என்ன பயிர் வைக்கிறார், பன்றித் தொந்தரவு எப்படி என்று கேட்டுக்கொண்டே மூன்றாவது உருண்டையைக் கையில் திணித்தார். பதில் சொல்லிக்கொண்டே கையை நீட்டிக் கதவுத் தாழ்ப்பாளைப் பார்த்தேன். "ஆங், அப்படியே விடுங்க." உருண்டையை வாங்கி மற்ற இரண்டோடு பக்கத்தில் வைத்தார். முதல் இரண்டிலும் விரல் பள்ளங்கள் ஆழமாக, நகம் பதிந்து இருந்தன. மூன்றாவதில் மூன்று விரல்கள் மேலோட்டமாகக் கிடந்தன. சுண்டுவிரல் இருந்த இடத்தில் பள்ளமே இல்லை, ஓரத்தில் லேசான ஒரு தேய்ப்பு மட்டும்.

"அந்த ரெண்டும் நீங்க புடிச்சது. இது கையி புடிச்சது" என்றார். "வெயில்ல வைக்கக் கூடாது. வெடிச்சிரும். நெழல்ல நாலு நாள் கெடக்கட்டும்."

மரம் பூவரசு. அவர் பட்டறை ஓரத்தில் பல வருஷமாகக் காய்ந்து கிடந்த கட்டை. ஐரோப்பாவில் வால்நட் மரத்தில் செய்கிறார்கள் என்றேன். அந்த மரம் எனக்குப் பழக்கமில்லை, பூவரசு எனக்குத் தெரியும், வண்டிச் சக்கரத்துக்குத் தாங்குகிற மரம் என்று முடித்துவிட்டார். உளியில் கொத்தி, அரத்தில் ராவி, உப்புத்தாள் போட்டு, என் கையை வரவழைத்து வைத்துப் பார்த்து, மறுபடி ராவி, ஐந்து ஞாயிறு ஆனது. சுண்டுவிரலுக்கு அவர் பள்ளம் வெட்டவில்லை. அது நீட்டிக்கொண்டு படுக்க ஒரு சரிவு வைத்தார். மோதிர விரலுக்கும் நடுவிரலுக்கும் இடையே ஒரு மேடு. அந்த மேடுதான் எல்லாமே. அது மோதிர விரலை "நீ இவ்வளவு இறுக்கினால் போதும்" என்று நிறுத்தி வைக்கிறது.

ஒரு சிக்கல் வந்தது. போட்டி விதிப்படி ஏர் பிஸ்டல் 420க்கு 200க்கு 50 மி.மீ. பெட்டிக்குள் அடங்க வேண்டும். எடை ஒன்றரைக் கிலோவைத் தாண்டக் கூடாது, உள்ளங்கையின் கீழே தாங்கும் பலகை கிரிப்போடு சேருகிற கோணம் 90 டிகிரிக்குக் குறையக் கூடாது, கிரிப் மணிக்கட்டைத் தொடக் கூடாது. பிளைவுட்டில் அதே அளவில் ஒரு பெட்டி அடித்து வைத்திருந்தேன். புது கிரிப்பை மாட்டி உள்ளே விட்டால் பக்கவாட்டில் முட்டி நின்றது, நாலு மில்லிமீட்டர் அதிகம். ஆசாரியிடம் சொல்லத் தயங்கினேன். அவருக்கு விதி என்பது பிடித்திருந்தது. "எல்ல இருந்தாத்தான் வேல நல்லா வரும்" என்று சொல்லி, வெளிப்பக்கம் ஒரு இழை, உள்ளங்கைக் குழிப் பக்கம் ஒரு இழை என்று எடுத்துக் கொடுத்தார். கடைசியில் ஆணி முனையால் பரப்பு முழுவதும் புள்ளி புள்ளியாகக் கொத்தினார், வேர்வையில் வழுக்காமல் இருக்க. ஆயிரத்து இருநூறு ரூபாய் வாங்கிக்கொண்டார். அரிவாள் பிடிக்குத் தனியாக நூற்றைம்பது.

மதிப்பெண் உடனே ஏறவில்லை. முதல் மாதம் குண்டுகள் எல்லாம் மேலே போயின, மூன்று வருஷமாகக் கீழே இழுத்த கையைச் சரிக்கட்ட சைட்டைத் திருகி வைத்திருந்தேன் அல்லவா. ஆனால் எங்கே போனாலும் ஒரே இடத்தில் போயின. சைட்டை இறக்கினேன். அடுத்த போட்டியில் ஆயுதப் பரிசோதனை மேசையில் என் பிஸ்டலை நிமிர்த்திப் பிடித்து, ட்ரிகரில் 500 கிராம் எடைக்கல்லைத் தொங்கவிட்டுத் தூக்கினார்கள். கல் மேசையை விட்டு எழும்பித் தொங்கியது, ட்ரிகர் விடவில்லை. பெட்டிக்குள் விட்டார்கள், உரசாமல் போனது. பரிசோதித்தவர் கிரிப்பைத் தடவிப் பார்த்து எந்த நாட்டுத் தயாரிப்பு என்று கேட்டார். கல்லிடைக்குறிச்சி என்றேன். அதைச் சொல்லும்போது எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது.

கிரிப்பை மறுபடி கழற்றி அடுத்த ஞாயிறு டீக்கடைக்கு எடுத்துப் போனேன். இரண்டு வருஷம் தாமதமாக என் பதிலைப் பெஞ்சின் மேல் வைத்தேன். காசாளர் அண்ணாச்சி பிடித்துப் பார்த்தார், அவர் கைக்கு மேடு இடறியது. தங்கச்சியின் கைக்குப் பெரிதாக இருந்தது. ஆனால் அவள் விடாமல் சரிவு, மேடு, கோணம் என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, "கிளப் பிஸ்டலுக்கே இப்படி ஒண்ணு மாட்டிக்கிடலாம்லா?" என்றாள். ஆசாரியின் போன் நம்பரை எழுதிக்கொண்டாள். மொரினி பட்டியல் அப்படியே இருக்கிறது, அதற்கு முன்னால் ஒரு வரி சேர்ந்திருக்கிறது.

சுபேதார் அண்ணாச்சி கிரிப்பை ஒருமுறை தூக்கிப் பார்த்துவிட்டு வைத்துவிட்டார். ஈரத்துணியில் சுற்றி நான் கொண்டுபோயிருந்த மிச்சக் களிமண்ணைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். பேச்சு எங்கெங்கோ போய்த் திரும்பியபோது அது அவர் கையில் இருந்தது. எழுபது வயதைத் தாண்டிய கை, இப்போது டீ கிளாஸைப் பிடிக்கும்போது லேசாக நடுங்கும். களிமண்ணைப் பிடித்தபோது நடுங்கவில்லை. முழங்கை உடம்போடு ஒட்டி, கட்டைவிரல் முன்னால் நீண்டு, ஆள்காட்டி விரல் வெளியே நேராக நின்றது, ட்ரிகரைத் தொடாமல், பழக்கப்படுத்திய விதத்திலேயே. மெதுவாக விரல்களை எடுத்துவிட்டு அதைப் பெஞ்சின் மேல் நிறுத்தினார். நாலு பேரும் பார்த்தோம்.

"இதக் காய வைக்கலாமாவே?"

"நெழல்ல வையுங்க அண்ணாச்சி. வெயில் பட்டா வெடிச்சிரும்."

டீக்கடையில் ஒரு பழைய செய்தித்தாள் வாங்கிச் சுற்றி, ஸ்கூட்டரின் முன்பக்கப் பெட்டியில் வைத்துக்கொண்டு போனார். மேடு பள்ளம் வரும் இடத்திலெல்லாம் வேகத்தைக் குறைத்தார்.